எலெக்ட்ரிக் யெல்லோ சிக்லிட்: ஐந்து வருடத் தொட்டி அனுபவம்

எலெக்ட்ரிக் யெல்லோ என்பது ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த மஞ்சள் நிற மீன். சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தையில் 12 குட்டிகளாக வாங்கி வந்தேன். ஒவ்வொன்றும் ஒன்றரை அங்குலம் இருக்கும். அந்த வயதில் ஆண், பெண் பிரித்துச் சொல்ல முடியாது என்பதால்தான் 12. வளர்ந்த பிறகு ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண் என்ற கணக்கில் வைத்துக்கொண்டு, மிச்ச ஆண்களை வெளியே கொடுத்துவிட வேண்டும். ஆணும் பெண்ணும் சமமாக இருந்தால் பெண்களுக்கு ஓடுவதைத் தவிர வேறு வேலை இருக்காது.

தொட்டி 4 அடி நீளம், அகலமும் உயரமும் ஒன்றரை அடி. ஏறக்குறைய 250 லிட்டர் பிடிக்கும். தண்ணீரை நினைத்துத்தான் முதலில் பயந்தேன். மலாவி ஏரித் தண்ணீர் காரத்தன்மை உள்ளது, பிஎச் (அமில, காரத்தன்மையின் அளவு) 8-ஐ ஒட்டியே இருக்கும். ஆனால் எங்கள் வீட்டு போர் தண்ணீரைச் சோதித்தால் அதுவும் கிட்டத்தட்ட அதே அளவு. பக்கெட்டில் வெள்ளைப் படலம் விடுகிற, சோப்பு நுரைக்காத அந்தத் தண்ணீர் இந்த மீனுக்குச் சொந்த ஊர்த் தண்ணீர் மாதிரி. பில்டரில் ஒரு பை கிளிஞ்சல் போட்டு வைத்தேன், பிஎச் இறங்காமல் நிற்கிறது. வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றுவேன். அவ்வளவுதான்.

முதல் வருடம் ஒன்றும் நடக்கவில்லை. நடந்தது என்றால், நடக்கக் கூடாததுதான். அழகுக்காக ரெட் ஜீப்ரா என்ற ஆரஞ்சு நிற சிக்லிட்டையும் கூடவே விட்டிருந்தேன். இரண்டும் மலாவி ஏரி மீன்கள், எளிதில் கலந்துவிடும். பிறந்த குஞ்சுகள் வளர வளர மஞ்சளும் இல்லாமல் ஆரஞ்சும் இல்லாமல் சாயம் போன துணி போல இருந்தன. அந்தக் குஞ்சுகளை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய், நாலு தலைமுறையில் சுத்தமான மஞ்சளே கிடைக்காமல் போய்விடும். குஞ்சு எடுக்கும் எண்ணம் இருந்தால் தயவுசெய்து ஒரு தொட்டியில் ஒரே இனத்தை வையுங்கள்.

இரண்டாம் வருடம் ரெட் ஜீப்ராவை எடுத்துவிட்டு, உடைந்த கடப்பாக் கல் துண்டுகளை அடுக்கிக் குகைகள் செய்தேன். அதுவும் சுண்ணாம்புக் கல்தான் என்பதால் இந்தத் தண்ணீருக்குக் கெடுதல் இல்லை. ஒவ்வொரு குகைக்கும் இரண்டு வழி இருக்கட்டும். ஒரே வழி இருந்தால் உள்ளே ஒதுங்கும் பெண்ணை ஆண் மடக்கிவிடும். கல்லை நேராகத் தொட்டித் தரையில் வைத்து, அப்புறம்தான் மணல் போட வேண்டும். இவை மணலைத் தோண்டும், கல் சரிந்தால் கண்ணாடி போய்விடும்.

ஆறாவது வாரம் ஒரு காலையில் பார்த்தேன். ஆண் ஒரு தட்டைக் கல்லின்மேல் உடம்பைச் சிலிர்த்து ஆட்டிக்கொண்டிருந்தது. பெண் வந்தது, இரண்டும் ஒன்றின் வாலை ஒன்று பார்த்தபடி வட்டம் சுற்றின. பெண் ஒரு முட்டை இட்டதும் திரும்பி அதை வாயில் எடுத்துக்கொண்டது. ஆணின் அடித்துடுப்பில் முட்டை போலவே மஞ்சள் புள்ளிகள் இருக்கும். பெண் அதையும் கொத்தப் போகும்போது ஆணின் விந்து வாய்க்குள் போகிறது, முட்டை அங்கேயே கருவுறுகிறது. அசையாமல் நின்று முழுவதும் பார்த்தேன், அன்றைக்கு வேலைக்குத் தாமதமாகிவிட்டது.

அந்த முட்டைகள் மூன்றாம் நாளே காணாமல் போயின. இந்த இனத்தில் பெண் முட்டைகளை வாயிலேயே வைத்து அடைகாக்கும்; முதல்முறை அடைகாக்கும் பெண் விழுங்கிவிடுவது வழக்கம். ஆனால் நானும் ராத்திரி டார்ச் அடித்து அடித்துப் பார்த்தேன், அது தவறு. அடுத்த முறை தொட்டிப் பக்கமே போகவில்லை. தொண்டை பை போல் கீழே இறங்கியிருக்கும், எதையோ மென்றபடியே இருக்கும், தீனி போட்டால் வராது. இந்த மூன்றும் இருந்தால் வாயில் முட்டை இருக்கிறது. அன்றைய தேதியைக் காலண்டரில் குறித்து வைத்தால் போதும்.

பதினெட்டாம் நாள், விளக்கு அணைந்த பிறகு, பெரிய வலையில் மெதுவாகப் பிடித்து, அதே தொட்டித் தண்ணீர் நிரப்பிய 30 லிட்டர் தொட்டிக்கு மாற்றினேன். ஸ்பாஞ்ச் பில்டரும் ஒரு சட்டித் துண்டும் போதும். இருபத்து நான்காம் நாள் காலை, சட்டித் துண்டுக்கு அடியில் 14 குஞ்சுகள். ஒவ்வொன்றும் ஒரு சென்டிமீட்டர், அப்போதே மஞ்சள். தாயின் வாயைத் திறந்து குஞ்சுகளை எடுப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை, தேவையும் படவில்லை.

குஞ்சுகளுக்கு முதல் வாரம் ஆர்ட்டீமியா (பொடி இறால் வகை), பிறகு பொடித்த ஸ்பைருலினா (பாசித் தீனி), ஒரு நாளைக்கு மூன்று வேளை. பெரிய மீன்களுக்கும் ஸ்பைருலினாதான். ரத்தப்புழு அடிக்கடி போட்ட காலத்தில் ஒரு ரெட் ஜீப்ரா வயிறு வீங்கிச் செத்தது, அதோடு நிறுத்திவிட்டேன். மே மாதம் தண்ணீர் 31 டிகிரியைத் தொடும்போது என் தொட்டியில் முட்டையிடுவது நின்றுவிடும். மூடியைத் திறந்து விசிறி வைத்து, காற்று மோட்டாரைக் கூட்டிவிடுவேன்.

தாயை உடனே பழைய தொட்டிக்கு விடாதீர்கள். மூன்றரை வாரம் சாப்பிடாமல் இருந்ததில் முதுகு மெலிந்து போயிருக்கும். ஒரு வாரமாவது தனியாக வைத்துத் தீனி போட்டுத் தேற்றுங்கள். திருப்பி விடும் அன்று கற்களைக் கொஞ்சம் இடம் மாற்றிவிட்டு, இருட்டியபின் விடுங்கள். தன் இடத்தைப் புதிதாகத் தேடும் ஆணுக்கு அவளைத் துரத்த அன்றைக்கு நேரம் இருக்காது.