மோரோவிண்ட்: வழி கேட்டு நடக்கிறவர்களுக்கான கேம்

எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்ற கற்பனை உலகக் கேம் வரிசையில் மூன்றாவதாக 2002-ல் வந்த மோரோவிண்டை இன்றைக்குப் புதிதாக நிறுவி ஆரம்பிக்கிற யாருக்கும் முதல் அரை மணி நேரத்திலேயே மூன்று எரிச்சல்கள் உறுதி. ஆள் நகரவே மாட்டான். கத்தி எலியின் உடம்புக்குள் புகுந்து வெளியே வருவது கண்ணெதிரே தெரியும், ஆனால் அடி விழவில்லை என்று கேம் சாதிக்கும். எங்கே போக வேண்டும் என்று காட்ட திரையில் அம்புக்குறி எதுவும் இருக்காது. இந்த மூன்றையும் பொறுத்துக்கொண்டு உள்ளே போனவர்கள்தான் இத்தனை வருஷம் கழித்தும் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். நான் கல்லூரிக் காலத்தில் தொடங்கினேன். நடுவில் வேலை, குடும்பம் என்று விட்டுப்போகும், இரண்டொரு வருஷம் கழித்து ஏதோ ஒரு விடுமுறையில் திரும்ப நிறுவுவேன். புதுக் கேம்கள் கைவசம் இருக்கும்போதும் இதேதான் நடக்கிறது.

சண்டையை முதலில் பேசி முடித்துவிடலாம், ஏனென்றால் பாதிப் பேர் அங்கேதான் கேமை அழித்துவிட்டுப் போகிறார்கள். பார்ப்பதற்கு நேருக்கு நேர் வெட்டுகிற கேம்போல இருந்தாலும் உள்ளே உருளுவது பகடை. ஆயுதத் திறன், சுறுசுறுப்பு, அதிர்ஷ்டம், அப்புறம் அந்தப் பச்சைக் கோடாகத் தெரிகிற தெம்பு, எல்லாம் சேர்ந்துதான் அடி விழுமா விழாதா என்று முடிவு செய்கின்றன. ஓடினால் பச்சைக் கோடு குறையும். புதிதாக வருகிறவர் ஊருக்கு ஊர் ஓடிக்கொண்டே இருப்பார், எதிரியிடம் போய்ச் சேரும்போது கோடு காலியாக இருக்கும், அதோடு தனக்குப் பழக்கமே இல்லாத கோடாரி ஒன்றைக் கையில் வைத்திருப்பார், பத்து வீச்சில் எட்டு காற்றில் போகும். ஆரம்பத்தில் எந்த ஆயுதத்தை முக்கியத் திறனாக எடுத்தீர்களோ அதையே பிடியுங்கள், சண்டைக்கு முன்னால் ஓட்டத்தை நிறுத்துங்கள். பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிப் பாதி தீராது, சண்டை கடைசிவரை சுமார்தான். அதற்காக இந்தக் கேமை யாரும் விளையாடுவதில்லை.

வழிதான் விஷயம். கப்பலில் கைதியாக வந்து, கேம் நடக்கிற தீவில் செய்டா நீன் என்ற சதுப்பு நிலத்துச் சிற்றூரில் இறங்குகிறீர்கள். ஒரு பொட்டலத்தைக் கொடுத்து, பால்மோரா என்ற ஊரில் கயஸ் கோசேட்ஸ் என்பவரிடம் சேர்த்துவிடு என்கிறார்கள். அவர் வீடு எது என்று பால்மோராவில் நீங்கள்தான் விசாரிக்க வேண்டும். விசாரித்துப் போனால் மேல்சட்டை இல்லாமல் ஒரு கிழவர் நிற்பார், பேரரசின் உளவாளிகளுக்கு அங்கே தலைவர் அவர்தான். உலகத்தைக் காப்பாற்றுகிற வேலையை உடனே தருவார் என்று பார்த்தால், கையில் 200 காசைக் கொடுத்து, போய் ஊரைப் பழகு, ஏதாவது ஒரு குழுவில் சேர்ந்து நாலு வேலை செய்து கொஞ்சம் தேறிவிட்டு வா என்று அனுப்பிவிடுவார். முக்கியக் கதையே உங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறது. எனக்கு இந்தக் கேம் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான்.

அடுத்து, ட்வெமர் என்ற மறைந்துபோன இனத்தாரின் இடிபாடு ஒன்றிலிருந்து ஒரு புதிர்ப் பெட்டியைக் கொண்டுவரச் சொல்வார்கள். கோட்டையைத் தாண்டிப் போ, பழைய பாலத்தைக் கட, திருகைத் திருப்பினால் கதவு திறக்கும் என்று வாயால் சொல்கிற வழிதான் உங்களிடம் இருக்கும். பாலத்துக்கு அடியில் எப்போதோ எரிமலைக் குழம்பு ஓடிய கருத்த பள்ளத்தாக்கு, புழுதிக் காற்று, எதிரே வருகிறவன் கொள்ளைக்காரனா வழிப்போக்கனா என்று பக்கத்தில் வரும்வரை தெரியாது. பெட்டி உள்ளங்கை அளவுதான், இருட்டில் ஒரு தட்டில் கிடக்கும், அதைக் கண்டுபிடிக்காமல் திரும்பி வந்தவர்கள் ஏராளம். ஆனால் அந்தப் பாலமும் அந்தத் திருகும் எங்கே இருக்கின்றன என்று இன்றைக்குக் கேட்டாலும் என்னால் சொல்ல முடியும். இதே வரிசையில் 2006-ல் வந்த ஆப்லிவியனிலும் 2011-ல் வந்த ஸ்கைரிமிலும் அம்புக்குறி இருந்தது, இரண்டையும் முடித்திருக்கிறேன், அவற்றில் ஒரு குகைக்குக்கூட வழி சொல்லத் தெரியாது. அம்பைப் பார்த்துக்கொண்டு போனேனே தவிர, பாதையைப் பார்க்கவே இல்லை.

இன்னொன்று போக்குவரத்து. மேப்பில் தட்டினால் போய் இறங்குகிற வசதி இதில் கிடையாது. சில்ட் ஸ்ட்ரைடர் என்று பனைமர உயரக் கால்களோடு ஒரு பூச்சி, அதன் ஓட்டைக் குடைந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார்கள், அது சில ஊர்களுக்கு மட்டும். கடற்கரை ஊர்களுக்குப் படகு. மந்திரவாதிகள் சங்கத்தின் கிளைகளுக்கு இடையே காசு கொடுத்தால் நொடியில் அனுப்பிவைக்கிற ஆள் ஒருவர் இருப்பார். இவை எதுவும் எல்லா ஊரையும் தொடாது. வடக்கே இருக்கிற டாகன் ஃபெல் தீவுக்குப் பால்மோராவிலிருந்து போக வேண்டுமா, சங்கத்தில் காசு கட்டி சாட்ரித் மோராவுக்குப் போய், அங்கே இறங்கித் துறைக்கு நடந்து படகு பிடிக்க வேண்டும். எந்த பஸ் ஸ்டாண்டில் இறங்கி எந்த வண்டிக்கு மாறினால் சீக்கிரம் போகலாம் என்று சிலருக்கு விரல் நுனியில் இருக்குமே, அந்த மாதிரி ஒரு அறிவு கொஞ்சம் கொஞ்சமாக உங்களுக்கு வந்துவிடும். இதற்கு மேல் மந்திரங்கள். ஒன்று பக்கத்தில் இருக்கிற கோயிலுக்குக் கொண்டுபோகும், இன்னொன்று பக்கத்தில் இருக்கிற பேரரசின் வழிபாட்டு இடத்துக்கு. மூன்றாவது ஜோடி, ஒரே ஒரு இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு நினைத்தபோது அங்கே திரும்புவது. அந்த ஒரு குறியை எங்கே வைப்பது என்பதை நானும் நண்பனும் டீக்கடையில் உட்கார்ந்து விவாதித்திருக்கிறோம். அவன் எப்போதும் பால்மோராவில்தான் வைப்பான், எனக்கு அது வீண் என்று படும், பால்மோராவுக்குத்தான் எல்லா வண்டியும் வருகிறதே.

இடங்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அரண்மனை, குதிரை, பச்சைப் புல்வெளி என்று வழக்கமான கற்பனை உலகம் இதில் ஒரு மூலையில் மட்டும்தான், அதுவும் ஆக்கிரமித்த பேரரசின் ஊராக. ஆல்ட்ரூனில் பிரபுக்களின் மாளிகைகள் செத்துப்போன ஒரு ராட்சத நண்டின் ஓட்டுக்குள் இருக்கின்றன. டெல்வானி மந்திரவாதிகள் காளானை வளர்த்து அதற்குள் குடியிருக்கிறார்கள், மேல்மாடிக்குப் படிக்கட்டு கிடையாது, பறக்கத் தெரியாதவன் எங்களிடம் எதற்கு வருகிறான் என்கிற திமிர் அது. விவெக் நகரத்துக்கு மேலே ஒரு சின்ன நிலா அந்தரத்தில் நிற்கும், அதைக் குடைந்து சிறைச்சாலை ஆக்கியிருப்பார்கள். உள்ளூர் ஆட்கள் உங்களை வெளியூரான் என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். சில குடும்பங்கள் அடிமைகளை வைத்திருக்கும், அதைச் சட்டமும் அனுமதிக்கும், நீங்கள் சாவி திருடி விடுவிக்கலாம், அல்லது கண்டும் காணாமல் போகலாம். பழைய போர் ஒன்றில் உண்மையில் என்ன நடந்தது என்பதற்குக் கோயில் ஒரு கதை சொல்லும், மேய்ச்சல் குடிகள் வேறொன்று சொல்வார்கள், எதிரியாகச் சொல்லப்படுகிறவன் இன்னொன்று சொல்வான். எது சரி என்று கேம் கடைசிவரை தீர்ப்பு சொல்லாது. கதாநாயகன் நீங்கள்தானா என்பதிலேயே சந்தேகத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறார்கள்.

அப்புறம், இது உங்களைத் தடுக்காது. செய்டா நீனை விட்டுப் பத்தடி நடந்தால் வானத்திலிருந்து ஒருவன் அலறிக்கொண்டே விழுந்து சாவான். அவன் பையில் மூன்று சுருள்கள் இருக்கும், படித்துவிட்டுக் குதித்தால் பாதித் தீவைத் தாண்டிப் பறப்பீர்கள், ஆனால் மந்திரம் ஏழு நொடிதான், இறங்கும்போது என்ன ஆகும் என்று அவனைப் பார்த்தாலே தெரியும். ரசவாதத்தில் புத்தியை ஏற்றுகிற மருந்தைக் குடித்து, அந்தப் புத்தியோடு இன்னும் வீரியமான மருந்து காய்ச்சி, அதையும் குடித்து என்று போனால் எண்கள் எங்கேயோ போய்விடும், கேமே தள்ளாடும். கதைக்கு முக்கியமான ஆளைக்கூடக் கொல்லலாம். விதியின் இழை அறுந்தது, சேமித்து வைத்த பழைய இடத்துக்குத் திரும்பு அல்லது நீ கெடுத்த உலகத்திலேயே கிட என்கிற மாதிரி ஒரு செய்தி வரும், அவ்வளவுதான். அப்படிக் கெடுத்த பிறகும் கதையை முடிக்க ஒரு கொல்லைப்புற வழி வைத்திருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தபோது எழுந்து கைதட்டத் தோன்றியது.

குறைகள் இல்லாமல் இல்லை. தெருவில் போகிற பத்துப் பேரிடம் ஒரே விஷயத்தைக் கேட்டால் பத்துப் பேரும் ஒரே பத்தியை ஒப்பிப்பார்கள். கதையின் ஆட்கள் சிலரைத் தவிர மற்றவர்கள் நடமாடுகிற தகவல் பலகைகள்தான். கிளிஃப் ரேசர் என்கிற பறக்கும் சனியன் மலைப்பக்கம் போனாலே துரத்தும், ஒன்றை அடித்தால் இரண்டு வரும், இதை விளையாடியவர்கள் எந்த நாட்டுக்காரர்களாக இருந்தாலும் அதைத் திட்டுவதில் ஒற்றுமை உண்டு. நாட்குறிப்பு ஆரம்பப் பதிப்பில் தேதிவாரியாக மட்டுமே இருந்தது, பழைய குவெஸ்ட்டை, அதாவது யாரோ கொடுத்த வேலையை, தேட நூறு பக்கம் புரட்ட வேண்டும், பிறகுதான் குவெஸ்ட் வாரியாகப் பார்க்கிற வசதி வந்தது. சொல்கிற வழியே தப்பாக இருக்கிற இடங்களும் உண்டு, அதை மட்டும் மன்னிக்க முடியவில்லை, வழியை நம்பித்தானே மொத்தக் கேமும் நிற்கிறது.

இப்போது ஆரம்பிக்கிறவர்களுக்கு: ட்ரைபூனல், பிளட்மூன் இரண்டு இணைப்புகளும் சேர்ந்த பதிப்பை வாங்குங்கள், தள்ளுபடி நேரத்தில் ஒரு பிரியாணி விலைக்குள் கிடைக்கும். பழைய எஞ்சினில் ஓட்டாமல் ஓபன்எம்டபிள்யூ என்ற புது எஞ்சினை இலவசமாக இறக்கி, வாங்கிய கேமின் கோப்புகளை அதற்குக் காட்டிவிடுங்கள், லினக்ஸிலும் மேக்கிலும்கூட ஓடும், சும்மா சும்மா மூடிக்கொள்ளாது. எனக்கு அந்தக் காலத்தில் இருந்த கிராஃபிக்ஸ் கார்டில் தண்ணீர் தகரம் மாதிரி தெரிந்தது, இப்போதைய மலிவான லேப்டாப்பிலேயே அலை அடிக்கிறது. தூரத்துக் காட்சியைத் திறந்துவிடுகிற அமைப்பும் உண்டு, போட்டுப் பார்த்துவிட்டு நான் எடுத்துவிட்டேன். மூடுபனி போனதும் தீவு எவ்வளவு சின்னது என்று தெரிந்துவிட்டது, ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊர் தெரிகிறது. அந்தப் பனியும் மெதுவான நடையும் சேர்ந்துதான் தீவைப் பெரிதாகக் காட்டிக்கொண்டிருந்தன. முதல் தடவை விளையாடும்போது அதைத் தொடாதீர்கள். விக்கியையும் திறக்காதீர்கள், அந்தப் புதிர்ப் பெட்டிக்கு மட்டும் வேண்டுமானால் திறந்துகொள்ளுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

நான் இப்போது இருப்பது தீவில் இல்லை. டாம்ரியல் ரீபில்ட் என்று ரசிகர்கள் குழு ஒன்று அக்கரை நிலப்பரப்பைப் பல வருஷங்களாகக் கட்டிக்கொண்டிருக்கிறது, கேமோடு கொடுத்த கருவியை வைத்தே தொடங்கிய வேலை அது. அங்கே எனக்கு ஒரு தெருவும் தெரியாது. நேற்று ராத்திரி ஒரு படகுக்காரரிடம் வழி கேட்டு, அவர் சொன்ன பாறைக்கு இடது பக்கம் திரும்பியிருக்கிறேன், இன்னும் ஊர் வரவில்லை.