செலிபிரேட் ரெக்கவரி கூட்டம் எப்படி? ஐந்தாவது கட்டம் வரை எழுதி முடித்தவனின் அனுபவம்

குடியை விட்டு இரண்டு வருஷம் நாலு மாசம் ஆகிறது. இதை எழுதச் சொன்னது என் மனைவி. அவளுக்குத் தெரிந்த ஒரு அக்கா வீட்டிலும் இதே பிரச்சினை, "உங்க வீட்டுக்காரர் போற கூட்டம் எப்படி, நம்பி அனுப்பலாமா?" என்று கேட்டிருக்கிறார். போனில் ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் விவரமாகவே எழுதிவிடுகிறேன், வேறு யாருக்காவது பயன்பட்டாலும் நல்லது.

செலிபிரேட் ரெக்கவரி என்பது குடி போன்ற பழக்கங்களிலிருந்து மீள உதவும் கிறிஸ்தவக் கூட்டம், 1991ல் அமெரிக்காவில், கலிஃபோர்னியாவில் இருக்கும் சாடில்பேக் சபையில் ஆரம்பித்தது. ஆரம்பித்த ஜான் பேக்கரும் குடியிலிருந்து மீண்டவர்தான். ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் கூடும் அமைப்பு) கூட்டத்தில் இயேசுவின் பெயரைச் சொன்னால் கேலி செய்தார்கள், சபைக்குப் போனால் குடியைப் பற்றி வாய் திறக்க முடியவில்லை, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தன் பாஸ்டர் ரிக் வாரனுக்கு 13 பக்கத்தில் கடிதம் எழுதினார், அதிலிருந்து வந்ததுதான் இது. ஏஏயின் 12 படிகளைச் சின்ன மாற்றங்களோடு வைத்துக்கொண்டு, இயேசுவின் மலைப்பிரசங்கத்தின் 'பாக்கியவான்கள்' வசனங்களிலிருந்து எட்டு கொள்கைகளைச் சேர்த்திருக்கிறார்கள். நான்கு சின்னப் புத்தகங்கள், மொத்தம் 25 பாடங்கள். குடிகாரர்களுக்கு மட்டும் என்றும் இல்லை, எங்கள் அறையில் சீட்டாட்டத்தில் வீட்டை இழந்தவர் இருக்கிறார், கோபத்தில் கை நீட்டும் பழக்கத்துக்காக வருகிறவர் இருக்கிறார்.

நான் போவது சென்னையில் ஒரு சபையின் பின்கட்டு ஹாலில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நடக்கும் கூட்டத்துக்கு. கட்டணம் கிடையாது. பாட்டு, ஜெபம், ஒரு வாரம் பாடம் என்றால் அடுத்த வாரம் யாராவது ஒருவரின் சாட்சி (தான் மீண்ட கதையைச் சொல்வது), அப்புறம் ஆண்கள் தனியாக, பெண்கள் தனியாக வட்டமாக உட்கார்ந்து பகிர்ந்துகொள்வது, கடைசியில் டீ, சுண்டல். பாட்டும் பாடமும் எல்லாச் சபையிலும் கிடைப்பதுதான். அந்த வட்டம்தான் வித்தியாசம். ஒருவருக்கு மூன்றிலிருந்து ஐந்து நிமிஷம், தன்னைப் பற்றி மட்டும்தான் பேச வேண்டும், நடுவில் யாரும் பேசக் கூடாது, யாரும் யாரையும் சரிசெய்யக் கூடாது, இங்கே கேட்டது வெளியே போகக் கூடாது. நம் ஊரில் ஒருத்தன் வாயைத் திறந்தால் நாலு பேர் புத்தி சொல்லுவோம், இரண்டு பேர் உடனே தலையில் கை வைத்து ஜெபம் பண்ணுவோம். இங்கே நான் முதல் தடவை பேசி முடித்ததும் யாரும் எதுவும் சொல்லவில்லை. "நன்றி தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்த்தார்கள். அந்த அமைதியில் நான் சொன்ன பொய் எனக்கே கேட்டது. தினமும் ஒரு குவார்ட்டர் என்று சொல்லியிருந்தேன், அது பொய்.

ஆனால் நான் முக்கியமாக எழுத வந்தது இரண்டாவது புத்தகத்தில் வரும் நான்காம் படியைப் பற்றி. தன்னைத்தானே ஆராய்ந்து, பயப்படாமல் ஒரு கணக்கு எழுதுவது. இந்த வேலையின் வேர் பழையது. 1935ல் ஓஹியோவின் ஏக்ரன் ஊரில் ஏஏ தொடங்கியபோது, அதைத் தொடங்கியவர்கள் ஆக்ஸ்ஃபோர்டு குரூப் என்ற கிறிஸ்தவ இயக்கத்தில் இருந்தவர்கள், பாவத்தை இன்னொரு மனுஷரிடம் உட்கார்ந்து சொல்லும் பழக்கம் அங்கிருந்து வந்தது. 1939ல் வந்த ஏஏ புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் மாதிரியில் மூன்று கட்டம்தான்: யார் மேல் கோபம், எதற்காக, அது என்னில் எதைத் தொட்டது. நம் பங்கு என்ன என்று பார்க்கச் சொல்வது அதற்குப் பின்னால் பாராவில் வரும். செலிபிரேட் ரெக்கவரி அதையே ஐந்து கட்டமாகப் போட்டுக் கையில் கொடுத்துவிடுகிறது. ஆள், காரணம், விளைவு, சேதம், என் பங்கு. கடைசிக் கட்டம் வெறுமையாகக் கண் முன்னாலேயே நிற்கும், தாண்டிப் போக முடியாது.

நான் ஒரு 80 பக்கக் கோடு போட்ட நோட்டில் ஸ்கேல் வைத்து ஐந்து கோடு கிழித்தேன். முதல் நான்கு கட்டம் ஒரே ராத்திரியில் நிரம்பியது, பதினாலு பேர். முதல் வரியில் என் மச்சான். அவருடைய மகளின் திடப்படுத்தல் (சபைச் சடங்கு) விருந்தில் பந்தியில் எல்லாரும் இருக்கும்போது "உனக்கு இனி ஒரு ரூபா தர மாட்டேன்" என்று சொல்லி என் மானத்தை வாங்கினார். விளைவு: இரண்டு வருஷம் அவர் வீட்டு வாசலை மிதிக்கவில்லை, மனைவியையும் போக விடவில்லை. இதையெல்லாம் அழகாக எழுதிவிட்டேன். ஐந்தாவது கட்டத்தில் "கொஞ்சம் பணப் பிரச்சினை ஆயிடுச்சு" என்று இருந்தது.

எனக்கு ஸ்பான்சராக, அதாவது படிகளில் கூடவே இருந்து வழிகாட்டுகிறவராக இருப்பவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆன ஒரு அண்ணன், பத்தொன்பது வருஷமாகக் குடிக்காதவர். நோட்டை வாங்கிக் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, பென்சிலால் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் கீழே கோடு போட்டார்.

"ஆயிடுச்சுன்னா, யாரு தம்பி ஆக்கினது?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் மற்ற பக்கங்களையும் புரட்டினார். பணம் செலவாகிவிட்டது. சண்டை வந்துவிட்டது. வேலை போய்விட்டது. நகை அடகுக்குப் போனது. பதினாலு வரியிலும் எதையுமே நான் செய்யவில்லை, எல்லாம் தானாக நடந்திருக்கிறது! நம் பேச்சில் இதற்கு வசதி இருக்கிறது, ஆளே இல்லாமல் ஒரு காரியத்தைச் சொல்லி முடித்துவிடலாம். அண்ணன் ஒன்றுதான் சொன்னார். "எல்லாத்தையும் 'ஏன்'ல முடிச்சு எழுதிட்டு வாங்க." அதாவது செலவழித்தேன், அடித்தேன், அடகு வைத்தேன்.

மச்சான் வரியின் ஐந்தாவது கட்டம் கடைசியில் இப்படி ஆனது: மகளுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட என்று சொல்லி அவரிடம் 40,000 ரூபாய் வாங்கினேன். ஃபீஸ் கட்டவில்லை. குடித்தேன். ஃபீஸ் கட்டாததால் பிள்ளையைப் பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்க வைத்தார்கள், அது எனக்குத் தெரியும், தெரிந்தும் அன்றைக்கும் குடித்தேன். விருந்தில் அவரிடம் திரும்பவும் 10,000 கேட்டேன், அவர் மறுத்ததை மட்டும் ஊரெல்லாம் சொன்னேன். இந்த ஆறேழு வரி எழுத எனக்கு மூன்று வாரம் பிடித்தது. பிள்ளை வெளியே நின்ற வரியை எழுதிய ராத்திரி நோட்டை மூடிவிட்டுக் கேட் வரைக்கும் போய்விட்டேன், கடைக்குப் போகத்தான். அண்ணனுக்குப் போன் பண்ணினேன். அவர் டிவிஎஸ் ஐம்பதில் வந்து திண்ணையில் விடியும் வரை உட்கார்ந்திருந்தார்.

நான் பிறந்ததிலிருந்து சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை). ஞாயிறு ஆராதனையில் பாவ அறிக்கை சொல்லியே வளர்ந்தவன். செய்ய வேண்டியதைச் செய்யவில்லை, செய்யத் தகாததைச் செய்தோம் என்று சபையாரோடு சேர்ந்து சொல்வோம். அந்த அறிக்கையை நான் இன்றும் நேசிக்கிறேன். ஆனால் அது முழுக்க 'செய்தோம்' என்று 'ஓம்'ல முடிகிறது, 'ஏன்'ல இல்லை. அந்த 'ஓம்'முக்குள் ஒளிந்துகொண்டு இருபது வருஷம் குடித்தேன். திருவிருந்துக்கு முன்னால் தன்னைத்தானே சோதித்தறிய வேண்டும் என்று பவுல் சொன்னதை ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டு, அரை நிமிஷம் கண்ணை மூடிவிட்டு எழுந்து போவேன். (இப்போது எங்கள் சபைப் போதகரான ஐயரிடம் சொல்லி, அப்பம் மட்டும்தான் வாங்குகிறேன். கிண்ணத்தில் இருப்பது வைன் என்பதால். இதைக் கேட்க வெட்கப்பட்டு யாரும் திருவிருந்துக்கே போகாமல் இருந்துவிடாதீர்கள்.)

இதே நோட்டில் இன்னொரு வரி இருந்தது. பதினோரு வயதில் நான் தங்கிப் படித்த விடுதியில் ஒரு பெரியவர் செய்த கொடுமை. இங்கே விவரம் வேண்டாம். அதற்கும் ஐந்தாவது கட்டத்தில் ஏதோ எழுத வேண்டும் என்று நினைத்து, "நான் யாரிடமும் சொல்லவில்லை" என்று என் குற்றம் போல எழுதியிருந்தேன். அண்ணன் புத்தகத்தைத் திறந்து காட்டினார். சின்ன வயதில் கொடுமைக்கு ஆளானவர்களுக்கு அதில் உங்கள் பங்கு இல்லை, அந்தக் கட்டத்தில் 'எதுவும் இல்லை' என்றோ 'குற்றமில்லை' என்றோ எழுதுங்கள் என்று அதிலேயே போட்டிருக்கிறது. அவர் சொல்லச் சொல்ல 'குற்றமில்லை' என்று எழுதினேன். நாற்பது வயதுக்கு மேல் ஒரு மனுஷன் அந்த ஒரு வார்த்தையைப் பார்த்து அப்படி அழ முடியும் என்று எனக்குத் தெரியாது. அப்புறம் அவர் அடுத்த வரியில், அந்தக் காயத்தைக் காட்டி நான் குடித்ததையும் வீட்டில் நியாயம் பேசியதையும் தனியாக எழுதச் சொன்னார், அதற்கு என் பங்கு இருந்தது. எது என்னுடையது, எது என்னுடையது இல்லை என்று பிரித்துக் காட்டியதற்காக மட்டுமே இந்தப் புத்தகத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். கெட்டதை மட்டும் எழுதாதே, நல்லதையும் எழுது என்று பாடத்திலேயே சொல்லுகிறார்கள், குற்ற உணர்ச்சியில் மூழ்கிப்போகிறவர்களுக்கு அது ரொம்ப முக்கியம்.

இதற்கு முன்னால் வேறு ஒரு இடத்துக்கும் போயிருக்கிறேன், பெயர் வேண்டாம். அங்கே குடிக்காமல் இருந்த பன்னிரண்டாம் நாளே என்னை மேடையில் ஏற்றி சாட்சி சொல்ல வைத்தார்கள். இயேசு தொட்டார், விடுதலை ஆனேன் என்று சொன்னேன், எல்லாரும் கை தட்டினார்கள். அந்த 40,000 பற்றி அதுவரை ஒரு உயிருக்கும் நான் சொல்லியிருக்கவில்லை. மூன்று வாரத்தில் திரும்பக் குடித்தேன், அப்புறம் அந்தப் பக்கம் தலைகாட்டவே முடியவில்லை. என் பங்கையும் சொல்லிவிடுகிறேன்: அந்த மேடையையும் கைதட்டலையும் நான் ஆசைப்பட்டுத்தான் ஏறினேன். இங்கே படிகளை முடிக்காமல் மேடையில் ஏற்றுவதில்லை, சாட்சியை எழுதிக் கொடுத்து, தலைவர்கள் வாசித்த பிறகுதான் பேச வேண்டும்.

குறைகள் உண்டு. எங்கள் குழுவிடம் இருப்பது ஆங்கிலப் புத்தகம், நடத்துகிறவர் வாசித்துத் தமிழில் சொல்லுகிறார். எட்டுக் கொள்கைகளின் முதல் எழுத்தைச் சேர்த்தால் 'ரெக்கவரி' என்று வரும், ஒவ்வொரு பாடத்துக்கும் இப்படி ஒரு எழுத்து விளையாட்டு இருக்கிறது, தமிழில் சொல்லும்போது அதெல்லாம் ஒட்டாமல் நிற்கிறது. நான்காவது கட்டத்தின் 'சேதம்' எங்களில் பாதிப் பேருக்கு இன்னும் சரியாகப் புரியவில்லை. அதைவிட, கடன். வட்டிக்கு வாங்கியது, அடகு, சீட்டுப் பணம், இதெல்லாம் தனித்தனியாக எழுத அந்தக் கட்டங்களில் இடமில்லை, நம் ஊர்க் குடிகாரன் வீட்டுப் பாதிக் கதையே அதுதானே. நாங்களாக ஒரு பக்கம் சேர்த்துக்கொண்டோம். ரகசியம் காப்பதும் ஹாலின் சுவரில் எழுதியிருப்பதால் மட்டும் நடந்துவிடாது. நான் முதலில் போன வேறொரு குழுவில் வெள்ளிக்கிழமை நான் சொன்னது ஞாயிற்றுக்கிழமை கமிட்டி மெம்பர் வாயிலிருந்து என் மனைவி காதுக்கு வந்தது. எனவே முதல் மாதம் சும்மா உட்கார்ந்து கவனியுங்கள், யார் வாயைக் காக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு அப்புறம் ஸ்பான்சரைக் கேளுங்கள்.

இன்னொன்றை அந்த அக்காவுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்தக் கூட்டம் வைத்தியம் இல்லை. தினமும் அதிகமாகக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், ஜன்னி கண்டது போல மனம் குழம்பலாம், உயிருக்கே ஆபத்து. நான் முதல் தடவை வீட்டிலேயே உபவாச ஜெபத்தோடு நிறுத்தப் பார்த்து, இரண்டாம் நாள் ராத்திரி வலிப்பு வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முதலில் டாக்டர். சென்னையில் அடையாறு இந்திரா நகரில் டிடிகே மருத்துவமனை இதற்கென்றே இருக்கிறது, வீட்டாருக்கும் சேர்த்து ஆலோசனை தருகிறார்கள். போதை பழக்கத்துக்கு அரசின் இலவச எண் 14446. உடம்பு தெளிந்த பிறகு கூட்டத்துக்கு வரட்டும். கிறிஸ்தவர் இல்லாதவர்களுக்கு ஏஏ நல்லது என்று நினைக்கிறேன், அங்கே 'நாங்கள் புரிந்துகொண்டபடியான கடவுள்' என்றுதான் சொல்கிறார்கள், என்னோடு வேலை செய்யும் ஒருவர் அங்கே போய் நன்றாக இருக்கிறார்.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். குறைந்த ஒன்று தமிழுக்கும் கடன் பக்கத்துக்கும்.

மச்சான் வீட்டுக்குப் போன மாதம் போனேன், முதல் தவணை 5,000 ரூபாயோடு. அவர் எண்ணிப் பார்க்காமல் பைபிளுக்குள் வைத்துவிட்டு, "சாப்பிட்டுப் போங்க" என்றார்.

வருகிறவர்கள் நோட்டு மட்டும் அகலமான கணக்கு நோட்டாக வாங்கிக்கொள்ளுங்கள். சின்ன நோட்டில் ஐந்தாவது கட்டத்துக்கு இடம் போதாமல் நான் ஓரத்தில் தாள் ஒட்ட வேண்டியிருந்தது.