சுகர் ஃப்ரீ மின்ட்டா, சோம்பா?

தருமபுரி ஓட்டல்களில் கல்லாவுக்குப் பக்கத்திலேயே சோம்பு இருக்கும். வெறும் சோம்பை மென்றால் எச்சில் ஊறும், வாய் மணக்கும், பல்லுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் கலர் சர்க்கரை பூசிய சோம்பு மிட்டாய்தான். அந்தச் சர்க்கரையை வாய்க் கிருமிகள் அமிலமாக்கும். அமில அளவைக் காட்டும் பிஎச் (குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால், பல்லின் மேல் உறையான எனாமல் கரையத் தொடங்கும்.

சர்க்கரைக்குப் பதில் சைலிட்டால் என்ற இனிப்பைப் போட்ட மின்ட்டில் அந்தத் தொல்லை இல்லை. சொத்தைக் கிருமிகளால் அதை அமிலமாக்க முடியாது. எலுமிச்சைச் சுவையை மட்டும் தவிர்க்கலாம். சிட்ரிக் அமிலமே பல்லை அரிக்கும். சைலிட்டால் அளவு மீறினால் வயிறு போகும். வீட்டில் நாய் இருந்தால் பத்திரம், சைலிட்டால் அதற்கு விஷம்.

விலையைப் பார்த்தால் என் ஓட்டு வெறும் சோம்புக்கு. ஓசூர் பஸ்ஸில் மின்ட் வசதி, சரி. அப்புறம், இந்தப் பக்கத்து ஃபுளூரைடு மிகுந்த தண்ணீரால் பல்லில் ஏறிய பழுப்புக் கறை இரண்டுக்குமே போகாது.