இரண்டாவது பிரசவம்: தேதி குறித்த சிசேரியனா, எபிடியூரல் போட்ட சுகப்பிரசவமா?

முதல் பிரசவத்தில் ஆயுதம் போட்டுத்தான் குழந்தையை எடுத்தார்கள். அந்த நடுக்கம் இன்னும் போகவில்லை. அதனால் இரண்டாவதுக்கு 39 வாரத்தில் சிசேரியன் செய்யலாம் என்றதும் நிம்மதியாக இருந்தது. நாள் தெரியும், பிரசவ வலி இல்லை. ஆனால் வலி தள்ளிப்போகிறதே தவிர தீர்வதில்லை. சில வாரங்களுக்குக் கனமானதைத் தூக்கக் கூடாது. மூத்தது இடுப்பை விட்டு இறங்காது! அடுத்தடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் ஒவ்வொரு சிசேரியனுக்கும் கூடும்.

சுகப்பிரசவம் இரண்டாம் முறை பொதுவாகச் சீக்கிரம் முடியும். எபிடியூரலில், அதாவது முதுகில் போடும் மரத்துப்போகும் ஊசியில், வலி பெரும்பாலும் மரத்துவிடும், அழுத்தம் மட்டும் தெரியும். அதனால் ஆயுசுக்கும் முதுகுவலி வரும் என்பது பக்கத்து வீட்டுக் கட்டுக்கதை. மயக்க மருத்துவர் ராத்திரியிலும் இருப்பாரா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

நான் சுகப்பிரசவத்தைத்தான் எடுத்தேன். ஊசிக்காக இல்லை, என் அம்மா கூடவே இருக்கலாம் என்று டாக்டர் சொன்னதால்.