கூரை ஓடுகளை யார் மாற்றுவது? ஒரு பழைய வீடும் மூன்று வழிகளும்

மயிலாடுதுறையில் அப்பா விட்டுப்போன ஓட்டு வீடு இரண்டு மழைக்காலம் பூட்டியே கிடந்தது. சீமை ஓடுகள் சரிந்திருந்தன. தாழ்வாரத்தில் ஓடுகளைத் தாங்கும் கைமரம் ஒன்றில் கரையான் ஏறியிருந்தது. சமையலறைச் சுவர் உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. நல்ல நிலையில் இருந்தால் மாதம் 9,000 ரூபாய் வாடகை வரும் வீடு. நான் இருப்பதோ சென்னையில். போக்கியத்துக்கு விட்டு அந்தப் பணத்தில் பழுதுபார்ப்பதா, நானே செலவழித்துச் செய்வதா, குடிவருபவரே செய்துகொள்ள வாடகையில் கழித்துக்கொடுப்பதா?

போக்கியத்தை முதலிலேயே தள்ளிவிட்டேன். மொத்தமாகப் பணம் வரும், உண்மைதான். ஆனால் மாத வாடகை கிடையாது. கெடு முடிகிற நாளில் அதே தொகையைத் திருப்பித் தர வேண்டும். சுவரில் பூசிய பணத்தைச் சுரண்டியா எடுக்க முடியும்? அடுத்த போக்கியக்காரரிடம் வாங்கி முந்தையவருக்குக் கொடுத்தே காலம் தள்ளும் உறவினர்கள் எனக்கு உண்டு.

நானே செய்வதென்றால் மொத்தம் 1,30,000 ரூபாய் ஆகும் என்று மதிப்புச் சொன்னார்கள். பணத்தைவிட மேற்பார்வைதான் மலைப்பாக இருந்தது. சனிக்கிழமை ரயிலேறிப் போய் இறங்கினால் அன்றைக்கென்று பார்த்து ஆள் வந்திருக்க மாட்டார். வரியிலும் தனிச் சலுகை இல்லை: வாடகை வருமானத்தில் 30 சதவீதக் கழிவு, செலவழித்தாலும் செலவழிக்காவிட்டாலும் கிடைப்பது, பழுதுக்கு ரசீது காட்டி அதற்கு மேல் கழிக்க முடியாது. ஆனால் வேலையின் தரம் நம் கையில் இருக்கும். பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கி, சில வருடங்களில் பூச்சு பொரிந்து விழும். இரண்டு வருடத்தில் காலிசெய்யப் போகிறவருக்கு அந்தக் கவலை எதற்கு?

மூன்றாவது வழியில் இரண்டு பேர் வந்தார்கள்.

ஒருவர் கொத்தனார். "பொருள் மட்டும் வாங்கிக் கொடுங்கள் சார், கூலி என்னுடையது. ஒரு வருடம் வாடகை கேட்காதீர்கள்" என்றார். கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார். அவர் அப்போது குடியிருந்த வீட்டைப் போய்ப் பார்த்தேன். குளியலறைக் குழாயில் துணி கட்டி, கீழே வாளி வைத்திருந்தார்கள். வெளியே கூலி கிடைக்கும் நாளில் நம் வீட்டு வேலை ஒதுங்கும். கழிவை மட்டும் முன்கூட்டியே வாங்கியாகியிருக்கும். பிறகு எதைச் சொல்லிக் கேட்பது?

இன்னொரு குடும்பத்தில் மனைவி பள்ளி ஆசிரியை, கணவருக்கு மின்வாரியத்தில் வேலை. வண்டி எங்கே நிறுத்துவது என்று கேட்பதற்கு முன் கணவர் மேலே பார்த்தார். முக்காலியில் ஏறிக் கைமரத்தை விரல்கணுவால் தட்டினார். ஓரிடத்தில் சத்தம் பொள்ளென்று கேட்டதும் நகத்தை அழுத்தினார். நகம் உள்ளே போனது. "இது போனால் இரண்டு வரிசை ஓடும் கூடவே இறங்கும் சார்" என்றார்.

அதற்காக உடனே சாவியைக் கொடுத்துவிடவில்லை. அவர்களுடைய இப்போதைய வீட்டுக்காரரிடம் விசாரிப்பதில் பயனில்லை. ஆளை அனுப்ப நினைப்பவர் புகழ்ந்துதான் பேசுவார். அதற்கு முந்தைய வீட்டுக்காரரைத் தேடிப் பிடித்தேன். காலிசெய்த அன்று வெள்ளையடித்துவிட்டே சாவி கொடுத்தார்கள் என்றார் அந்தப் பெரியவர்.

கடைசியில் அந்தக் குடும்பத்துக்கே வீட்டைக் கொடுத்தேன், இரண்டாவது வழியையும் மூன்றாவதையும் கலந்து. கூரை என் பொறுப்பு, 70,000 ரூபாய். ஐப்பசி அடைமழைக்கு முன் முடிந்தாக வேண்டிய வேலையை, அதுவும் வீட்டின் உயிரான வேலையை, யாருடைய சௌகரியத்துக்கும் விடக்கூடாது. சுவர், தாழ்வாரத் தளம், வயரிங் எல்லாம் மின்வாரியக்காரர் பொறுப்பு, 60,000 ரூபாய்.

ஒப்பந்தத்தில் வாடகை 5,000 என்று எழுதச் சொன்னார் தரகர். நான் மறுத்தேன். வாடகை 9,000, அதில் வேலைக் கழிவு 4,000 என்று தனியாக எழுதினோம். 5,000 என்று எழுதினால் அதுவே வாடகையாகி நிலைத்துவிடும். பிறகு 9,000 கேட்கிறவன் பேராசைக்காரனாகிவிடுவான். 60,000 கழிய 15 மாதம் வேண்டும்; வழக்கமான 11 மாத ஒப்பந்தத்துக்குள் அது அடங்காது. அதனால் இரண்டு வருடத்துக்கு எழுதிப் பதிவு செய்தோம். இடையில் காலிசெய்தால் முடித்த வேலைக்கான மீதியை நான் கொடுக்க வேண்டும். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் அட்டவணை கட்டுமானப் பழுது, வெள்ளையடிப்பு, வயரிங் ஆகியவற்றை வீட்டுக்காரர் தலையில் வைக்கிறது. குழாய் வாஷர், சுவிட்சு போன்றவை குடியிருப்பவருடையவை. இந்தப் பங்கை மாற்றிக்கொள்வதென்றால் எழுத்தில் இருக்க வேண்டும், வாய்ப்பேச்சு நிற்காது.

கழிவு, படமும் ரசீதும் வந்த அடுத்த மாதத்திலிருந்துதான். ஆவணியில் ஓடு மாற்றி முடித்தேன். குடிவந்தவர் சமையலறைச் சுவரைச் சுண்ணாம்புக் கலவையில் பூசிப் படம் அனுப்பியிருக்கிறார். புரட்டாசி வாடகையில் முதல் 4,000 கழிகிறது. தாழ்வாரத் தளம் இன்னும் பாக்கி.