யூஎஸ்ஆர் லோக்கலா, ஆப்ட்டா?

மூலநிரலிலிருந்து நாமே தொகுத்த (கம்பைல் செய்த) மென்பொருளை லினக்ஸில் எந்த அடைவில் (கோப்புறையில்) வைப்பது, யூஎஸ்ஆர் லோக்கலிலா (/usr/local), ஆப்ட்டிலா (/opt)? மண்டபம் ஊரில் என் வீட்டுத் திண்ணைக்கு மடிக்கணினியோடு வருபவர்களின் முதல் கேள்வி இதுதான்.

நிறுவும் எளிமை: யூஎஸ்ஆர் லோக்கல் முந்துகிறது. தொகுப்பதற்கு முன் ஓட்டும் கான்ஃபிகர் நிரலுக்கு எதுவும் சொல்லாவிட்டால் பெரும்பாலும் அங்கேதான் போகும். கட்டளைகளைத் தேடும் இடங்களின் பட்டியலான பாத்திலும் வழக்கமாக அது முன்பே இருக்கும்.
ஆப்ட்டுக்கு ப்ரீஃபிக்ஸ் (நிறுவும் இடம்) கொடுத்து, பாத்தையும் நாமே சேர்க்க வேண்டும்.

நீக்குவது: இங்கேதான் வினை. யூஎஸ்ஆர் லோக்கலில் கோப்புகள் ‘பின்’, ‘லிப்’, ‘ஷேர்’ என்ற பொது அடைவுகளில் சிதறும். சூடையையும் நெத்திலியையும் ஒரே பாயில் கலந்து காயவைத்தால் மாலையில் யார் பிரிப்பது? மூலநிரல் அடைவை அவசரப்பட்டு அழித்துவிட்டு, நிறுவியதை நீக்கும் ‘மேக் அன்இன்ஸ்டால்’ கட்டளைக்கு வழியில்லாமல் ஓர் இரவு முழுக்கக் கோப்புகளைப் பொறுக்கியிருக்கிறேன்.
ஆப்ட்டில் ஒவ்வொன்றுக்கும் தனி அடைவு; அதை அழித்தால் ஏறக்குறைய முடிந்தது. ஒரே மென்பொருளின் இரண்டு பதிப்புகளும் அருகருகே இருக்கலாம்.

புதுப்பிப்பு: நாம் வைத்ததைத் தொகுப்பு மேலாளர் (லினக்ஸின் மென்பொருள் பொதிகளை நிறுவிப் புதுப்பிக்கும் நிரல்) இரண்டு இடத்திலும் பொதுவாகத் தொடாது.

சிறு கருவிகளுக்கு யூஎஸ்ஆர் லோக்கல். அடிக்கடி பதிப்பு மாறும் பெரிய மென்பொருளுக்கு ஆப்ட். ரூட் (நிர்வாகி) அனுமதி இல்லாத அலுவலகக் கணினியா? இரண்டும் வேண்டாம், வீட்டு அடைவுக்குள் ‘டாட் லோக்கல்’ (~/.local) போதும்.