ஜெம் தளத்தில் செக்யூரிட்டி டெண்டர்: 6 வருடம் போட்டுப் பார்த்தவன் சொல்வது

திருச்சியில் 80 காவலர்களோடு ஒரு சிறிய செக்யூரிட்டி ஏஜென்சி நடத்துகிறேன். ராணுவத்தில் ஹவில்தாராக ஓய்வு பெற்ற பிறகு தொடங்கியது. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருபவர்கள் போன் செய்து, "அண்ணே, ஜெம்மை நம்பி இறங்கலாமா?" என்று கேட்கிறார்கள். ஜெம் என்பது அரசு அலுவலகங்கள் பொருளும் சேவையும் வாங்கும் மத்திய அரசு இணையதளம். அதற்கு 5க்கு 3 மதிப்பெண் கொடுப்பேன். இறங்கலாம், ஆனால் மதிப்பீடு எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

முதலில் நல்லது. முன்பெல்லாம் கவரை எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பெட்டியில் போடுவோம். தோற்றால் ஏன் தோற்றோம் என்று கேட்க ஆளைத் தேட வேண்டும். 2016ல் வந்த ஜெம் அதை மாற்றியது. தொழில்நுட்ப மதிப்பீட்டில், அதாவது விலையைப் பார்ப்பதற்கு முன் நம் தகுதி ஆவணங்களைப் பார்க்கும் கட்டத்தில், தள்ளிவிட்டால் காரணம் திரையில் வருகிறது. 48 மணி நேரத்துக்குள் ஆட்சேபம் எழுதலாம்.

இந்த 48 மணி நேரத்தின் அருமையைப் போன வருடம்தான் முழுதாக உணர்ந்தேன். ஒரு மத்திய அரசு அலுவலகம் 16 காவலர்களுக்கு டெண்டர் விட்டிருந்தது. மூன்று வருட அனுபவத்துக்கு ஒப்பந்த நகல் அல்லது வாடிக்கையாளர் சான்று, இரண்டில் ஒன்று போதும் என்று டெண்டர் ஆவணத்திலேயே இருந்தது. நான் மூன்று வருட ஒப்பந்த நகலையும் ஏற்றியிருந்தேன். வியாழன் இரவு மெயில் வந்தது: "வாடிக்கையாளர் சான்று இல்லை, நிராகரிக்கப்பட்டது." சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் காலையில் மகளை உட்கார வைத்து ஆட்சேபத்தை டைப் செய்தோம். கோபமாக ஒரு வார்த்தை கூட எழுதவில்லை. டெண்டர் ஆவணத்தில் எந்தப் பக்கம், எந்த வரி, நான் ஏற்றிய கோப்பில் எந்தப் பக்கம், இவ்வளவுதான். நான்காம் நாள் என்னைத் தகுதியானவனாக மாற்றியிருந்தார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். முதலிலேயே ஏற்றிய ஆவணத்தைக் காட்டித்தான் வாதாட முடியும். விட்டுப்போன முக்கியமான சான்றைப் பிறகு கொண்டுபோய் நீட்டினால் எடுபடாது. அதே போல, "கோர்ட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று இந்த இரண்டு நாளை விட்டுவிடாதீர்கள். 1994ல் வந்த டாடா செல்லுலார் தீர்ப்பிலிருந்து உச்ச நீதிமன்றம் சொல்லி வருவது ஒன்றுதான்: முடிவு சரியா என்று நீதிமன்றம் மறுபடி எடை போடாது, முடிவெடுத்த முறையில் பாரபட்சமோ தன்னிச்சையோ இருந்ததா என்றுதான் பார்க்கும். மாநில அரசு டெண்டர் என்றால் வழி வேறு. 1998ஆம் வருடத்துத் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் 11ஆம் பிரிவில், உத்தரவு கைக்கு வந்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்.

சரி, தகுதி பெற்றாயிற்று. அப்புறம் விலை. மதிப்பெண் குறைவது இங்கேதான். குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ., போனஸ் எல்லாவற்றையும் அலுவலகமே நிரப்பிவிடும். அதன் மேல் நாம் போடுவது நமக்கான சர்வீஸ் சார்ஜ் சதவீதம் மட்டும். ஒரு காலத்தில் ஒரு பைசா போட்டு எடுத்தவர்கள் உண்டு. காவலரின் சம்பளத்தில் கை வைக்காமல் ஒரு பைசாவில் யாராலும் ஏஜென்சி நடத்த முடியாது. அதைத் தடுக்க 2023ல் 3.85 சதவீதம் என்று தரைமட்டம் வைத்தார்கள். நோக்கம் நல்லது. ஆனால் இப்போது எல்லோரும் அதே 3.85ஐப் போடுகிறார்கள். எல்லோருமே எல்1, அதாவது மிகக் குறைந்த விலை போட்டவர். அதில் ஒருவரைக் கணினி குலுக்கல் மாதிரி எடுத்துக் கொடுக்கிறது.

ஒரு காவலருக்கு மாதம் 20,000 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 3.85 சதவீதம் என்றால் 770 ரூபாய். யூனிஃபார்ம், டார்ச், இரவு ரவுண்டு போகும் சூப்பர்வைசரின் பெட்ரோல், பில் தாமதமானால் கைமாற்று வட்டி, எல்லாம் அதற்குள். முன்னாள் ராணுவத்தினருக்கான மறுவாழ்வு இயக்குநரகம் (டி.ஜி.ஆர்.) வழியாக வரும் ஏஜென்சிகளுக்கு சர்வீஸ் சார்ஜ் 14 சதவீதம். ஒரே வேலை, ஒரே கேட், இவ்வளவு வித்தியாசம்.

குலுக்கலைவிட நல்ல வழி இல்லாமல் இல்லை. தரத்துக்கு 30 சதவீதம் வரை எடை கொடுக்கலாம் என்று 2021 அக்டோபரிலேயே நிதி அமைச்சகம் அனுமதித்திருக்கிறது, உரிய அதிகாரி தரம் சார்ந்த கொள்முதல் என்று அறிவித்தால் போதும். நான் போட்ட எந்த டெண்டரிலும் இதைப் பார்த்ததில்லை. காவலருக்கு 160 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டத்தின் மாதிரி விதி. அதை உண்மையாகவே கொடுத்தவருக்கு மதிப்பெண் கொடுங்கள். 12 மாத பி.எஃப். சலானைப் பார்த்து மதிப்பெண் கொடுங்கள். 7ஆம் தேதிக்குள் சம்பளம் போட்ட பேங்க் ஸ்டேட்மென்ட்டைக் கேளுங்கள். இதெல்லாம் எந்த அலுவலகமும் ஒரே நாளில் சரிபார்க்கக் கூடியவை.

அந்த 16 பேர் டெண்டரில் 11 பேர் ஒரே விலை. கணினி என் பெயரை எடுத்தது. அங்கே நான்கு வருடமாக இருந்த ஏஜென்சிக்காரரை எனக்குத் தெரியும், ஒரு மாதம்கூடச் சம்பளம் தள்ளிப்போடாதவர். அவரும் அதே 3.85 போட்டவர்தான். பொறுப்பேற்கப் போன காலையில் அவருடைய காவலர்கள் கேட்டருகே வரிசையாக நின்றார்கள். மூத்தவர் ஒருவர், "சார், எங்களை வச்சுக்குவீங்களா?" என்று கேட்டார். 14 பேரை அப்படியே எடுத்துக்கொண்டேன். இரண்டு பேர் பழைய முதலாளியோடே போய்விட்டார்கள்.